பேனா தட்டின இடம்

உங்க கூட்டத்து ஆள் ஒருத்தன், என்ற புள்ளையைக் கூப்பிட்டு எதுத்தாப்புல உக்கார வெச்சு மோசம் பண்ணிப்போட்டானுங்க தம்பி. மோசம்னா கோவத்துல வாய்க்கு வந்ததைச் சொல்றேன்னு நினைக்காதீங்க. கிழட்டு மாட்டுக் கொம்பைச் சீவி எண்ணெய் தடவி, ரெண்டாம் ஈத்து, இளமாடுன்னு சொல்லி விக்கிறானுகளே, அந்த மோசம். அவன் பேரு எனக்குத் தெரியாது. கண்ணாடி போட்டிருந்தானாம், மெதுவாப் பேசினானாம். மெதுவாப் பேசறவனைக் கண்டா எனக்கு எப்பவுமே ஆகாது. சத்தம் போடறவன் மனசுல என்ன இருக்குதுன்னு தெரிஞ்சிரும். மெதுவாப் பேசறவன் எதையோ துண்டுக்கடியில வெச்சிருக்கறான்னு அர்த்தம்.

நீங்களும் கழுத்துல அதே மாதிரி அட்டை மாட்டியிருக்கறீங்க, அதனாலதான் உங்ககிட்டச் சொல்றேன். என்னங்க? வேற கம்பெனிங்களா? இருக்கட்டும். வேற வேற மரத்தடியில மாடு கட்டியிருந்தாலும் சந்தை ஒண்ணுதானுங்களே.

அதா, முன்னால, டிரைவருக்குப் பின்னாடி ஜன்னலோரம், பச்சைத் துப்பட்டா. அதான் என்ற புள்ளை, இந்துஜா. நான் அம்மிணின்னுதான் கூப்பிடறது. பக்கத்துல எடம் காலியாத்தான் இருந்துச்சு, உக்காரப் போனேன். "பின்னால போயி உக்காருங்கப்பா"ன்னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. நேத்து வாரப்ப இதே மாதிரி பஸ்ஸுல என்ற தோள்மேல சாஞ்சு தூங்கிட்டு வந்த புள்ளைங்க. சித்த நவுந்துக்கங்க, கால் நீட்ட முடியல.

எனக்கு ஈரோட்டுப் பக்கம். கருப்பண்ணன்னு பேரு. மாட்டுத் தரகு. கருங்கல்பாளையம் சந்தையில வந்து தரகுக் கருப்பண்ணன் எங்கேன்னு கேட்டுப்பாருங்க, கன்னுக்குட்டி கூட வழி சொல்லும். விக்கிறவனுக்கும் வாங்கறவனுக்கும் நடுவுல நிக்கிறவன் நான். வெலையை வாயால சொல்ல மாட்டோமுங்க. கைமேல துண்டைப் போட்டுக்குவோம், அடியில ஒருத்தன் விரலை ஒருத்தன் புடிப்போம். எத்தனை விரலைப் புடிக்கிறனோ அதான் வெலை. பக்கத்துல நிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது. மூஞ்சி பாட்டுக்கு வானத்தைப் பாத்துட்டு இருக்கும். கைதான் பேசும்.

இதெல்லாம் யாரும் உக்கார வெச்சுச் சொல்லித் தரலீங்க, அடிபட்டுக் கத்துக்கிட்டது. எங்கப்பன் போனதுக்கப்பறம், அரும்பு மீசைகூட வராத வயசுல, வீட்டு மாட்டை ஓட்டிட்டு நானே சந்தைக்குப் போனேன். வாங்க வந்தவன் நல்ல மாதிரியாப் பேசினான். நானும் உள்ளதைச் சொல்லிப்போட்டேன், கறக்கறப்ப எப்பவாச்சும் காலைத் தூக்குமுங்கன்னு. "உண்மையைச் சொன்னே பாரு தம்பி, நீ நல்லா இருப்பே"ன்னு என்ற தலையைத் தடவிக் குடுத்தான். தடவின கையோட வெலையைப் பாதியா அறுத்தான். அன்னிக்கு முடிவு பண்ணினது. வாங்க வந்தவன் முன்னால நம்ம சரக்கோட குறையை நாமளே சொல்றவன் உருப்படவே மாட்டான்.

இதை எதுக்குச் சொல்றேன்னா, இந்தப் புள்ளை அதைத்தான் பண்ணிட்டு இருந்துச்சு.

பெருந்துறைப் பக்கம் ஒரு காலேஜுல எலக்ட்ரானிக்ஸ் படிச்சா. கூடப் படிச்சதுக எல்லாம் கம்ப்யூட்டர்ல எழுதற வேலைக்குப் போயிருச்சுக. இவளுக்கு அது வேண்டாமாம். சில்லுக்குள்ள கரண்டு எப்படி ஓடணும்னு படம் போடற வேலைதான் வேணுமாம். அனலாக்குன்னு பேரு. நான் கேட்டேன், ஏன் சாமி, எல்லாரும் போற வழியில போனா என்னன்னு. "அதுலெல்லாம் ஒண்ணு, இல்லைன்னா சைபர், அவ்வளவுதான்பா. இதுலதான் நடுவுல உள்ளது எல்லாம் இருக்குது"ன்னா. எனக்கு என்ன புரியுது? சரி, வெலைக்கும் அப்படித்தான், நடுவுலதான் எல்லாம் இருக்குதுன்னு நானா ஒண்ணை நினைச்சுக்கிட்டேன்.

அந்த வேலைக்கு ஆளு எடுக்கறதே கம்மி. எடுத்தாலும் பெரிய பெரிய காலேஜுல போயி எடுப்பாங்க, அதுவும் அந்த வருசம் முடிச்சதுகளைத்தான். இவ முடிச்சு வருசம் ரெண்டாச்சு. நடுவுல ஒரே ஒரு கம்பெனி கூப்பிட்டுச்சு. கோயமுத்தூர்ல வெச்சு. கேள்வி கேக்கறவங்கள்ல கடைசி ஆளு வரைக்கும் போயிட்டா. அவன் ஒரு கணக்கைக் குடுத்திருக்கான், இவ சரியாத்தான் சொல்லியிருக்கா. அவன் பேப்பரைப் பாத்துக்கிட்டே "நிச்சயமாத்தான் சொல்றியா?"ன்னு கேட்டிருக்கான். இவ பயந்துபோயி, "இல்ல சார், மாத்திக்கறேன்"னு சரியா இருந்ததைத் தப்பா மாத்திச் சொல்லிப்போட்டா. முடிஞ்சுது. வீட்டுக்கு வந்து சோறு திங்காம சொவுத்தைப் பாத்து உக்காந்துட்டா.

எனக்குத் திகுதிகுன்னு எரிஞ்சுது தம்பி. அவன் பண்ணினது என்னன்னு சந்தைக்குப் போற சின்னப் பையனுக்குக் கூடத் தெரியுமே. "பல்லு நாலுதானா? நல்லாப் பாத்துச் சொல்லு"ம்பான். பல்லை எண்ணித்தானே மாட்டுக்கு வயசு பாக்கறது, நாலுன்னு அவனுக்கே தெரியும். இருந்தாலும் கேப்பான். நம்ம குரல் கொஞ்சம் ஆடுச்சுன்னா வெலையை இறக்கலாம்ல? அதுக்கு.

அப்பறம் ஷபானா மூலமா இந்த எடம் வந்துச்சு. இவ கூடப் படிச்ச பவானிக்காரப் புள்ளை, அந்தக் கம்பெனியிலயே வேலையா இருக்குது. தங்கமான புள்ளை. இவ பேரை உள்ள சொல்லி, கெஞ்சி, ஒரு நாள் வாங்கிக் குடுத்துச்சு. "இதும் போச்சுன்னா அப்பறம் எவனும் என் பேப்பரைக் கையில வாங்க மாட்டாம்பா"ன்னு அம்மிணி சொன்னா. அழுகலீங்க. மழை வராதுன்னு சொல்ற மாதிரி சொன்னா.

அந்த ஷபானா தெனம் சாயங்காலம் போன்ல பரீட்சை மாதிரி கேக்கும். இவ பதில் சொல்லுவா. எப்படிச் சொல்றான்னு ஒரு நாள் வாசல்ல நின்னு கேட்டேன். "எனக்கு இது தெரியாது, ஆனா இப்படி யோசிச்சுப் பாக்கலாம்... இல்ல, அது தப்பு, ஒரு நிமிசம், மாத்திக்கறேன்..." இப்படியே போகுது. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. போனைப் புடுங்கி, ஏம்மா, இப்படியா சொல்லித் தருவேன்னு கேட்டேன். "இல்லீங்கப்பா, மனசுல ஓடறதை வாய்விட்டுச் சொல்லணும். தப்பாப் போனாலும் சொல்லிட்டுத் திருத்திக்கணும். அவங்க அதைத்தான் பாப்பாங்க"ன்னுச்சு அந்தப் புள்ளை. தங்கமான புள்ளைதான், ஆனா வெவரம் பத்தாது. எந்த ஊர்லயாச்சும் வாங்க வந்தவன் முன்னால மனசுல ஓடறதைச் சொல்லுவாங்களா?

அன்னையிலிருந்து நான் எடுத்துக்கிட்டேன்.

சிரிக்காதீங்க. எனக்கு அந்தப் படிப்புல ஒரு எழுத்துத் தெரியாதுதான். படிப்பு அவ பாத்துக்குவா, பேரம் நான் பாத்துக்கறேன். அதான் ஏற்பாடு. மாடு கட்டிக் கறந்து முடிச்சதும் கட்டில்ல எதுத்தாப்புல உக்காத்தி வெப்பேன். கேள்வி அவளே படிச்சுக்குவா, பதில் அவளே சொல்லுவா. நான் மெதுவா, அந்த அட்டைக்காரனுக மாதிரி, "நிச்சயமா?"ன்னு கேப்பேன். அவ கண்ணு அலைஞ்சுதுன்னா, மறுபடி மொதல்லயிருந்து. "நல்லாப் பாத்துச் சொல்லும்மா"ம்பேன். குரல் இறங்குச்சுன்னா, மறுபடி மொதல்லயிருந்து. பேப்பர்ல விரலை வெப்பேன், தட்டுவேன், உச்சுக் கொட்டுவேன், எந்திரிச்சுப் போற மாதிரி போவேன். சந்தையில எனக்குப் பண்ணினது ஒண்ணு பாக்கியில்லாம அவளுக்குப் பண்ணினேன்.

மூஞ்சியில ஒண்ணும் தெரியக் கூடாதுல்லீங்களா, அதுக்குத் துண்டையும் போட்டுக்கிட்டோம். பதிலை வாயில சொல்லோணும், எந்த அளவுக்கு அது நிச்சயம்னு துண்டுக்கடியில என்ற விரலைப் புடிச்சுச் சொல்லோணும். கொஞ்சம் சந்தேகம்னா மூணு விரல், நாலு விரல். நல்லாத் தெரியும்னா அஞ்சும். மூஞ்சி மட்டும் எப்பவும் ஒரே மாதிரி. என்ற வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து பாத்துட்டு, "மாட்டைக் கூட இப்படிப் படுத்த மாட்டீங்களே, அவளை உடுங்க"ன்னு சத்தம் போட்டா. அவளுக்கு என்ன தெரியும்?

சும்மா சொல்லக் கூடாதுங்க. புள்ளை கத்துக்கிட்டா. கடைசியில நான் என்ன உருட்டினாலும் அசைய மாட்டா. "நிச்சயம் சார்"ம்பா. செலை மாதிரி இருப்பா. அவ முன்ன எல்லாம் கணக்குப் போடறப்ப உதட்டுக்குள்ள என்னமோ முணுமுணுத்துக்கிட்டே, தலையை ஆட்டிக்கிட்டே போடுவா. அந்தப் பழக்கம் சுத்தமா நின்னு போச்சு. நான் வீட்டுக்காரிகிட்டப் பெருமையாச் சொன்னேன், இனி எவனும் இவகிட்ட வெலையை இறக்க முடியாதுன்னு.

இன்னொண்ணு சொல்லோணும், அப்பத்தான் உங்களுக்கு விசயம் வெளங்கும். இல்ல, உங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்சிருக்கும். ஒரு முக்கோணம் போடுவாளுங்க. அதுக்குள்ள ஒரு பிளஸ், ஒரு மைனஸ். முக்கோணத்து மூக்கிலிருந்து ஒரு கம்பி வெளிய வரும், அதைச் சுத்திக் கொண்டாந்து மறுபடி உள்ளயே உடுவா. இது எதுக்கு சாமின்னு கேட்டேன். "வெளிய வர்றதைக் கொஞ்சம் திருப்பிக் கொண்டுவந்து மைனஸ்ல உட்டா, அது தன் தப்பைத் தானே பாத்துத் திருத்திக்கும்பா. ஆடாம நிக்கும். பிளஸ்ல உட்டா திருத்தாது. ஒரு பக்கமா இழுத்துக்கிட்டே போயி, முட்டி நின்னுக்கும். அப்பறம் எறங்காது"ன்னா. பிளஸ்தானே நல்லது, அதுலயே உட வேண்டியதுதானேன்னேன். வுளுந்து வுளுந்து சிரிச்சா. "உங்களை மாதிரி ஆளுகளுக்குப் பிளஸ்தான்பா"ன்னா. எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சு.

இன்னைக்குக் காலையில கூட்டிட்டுப் போனேன். கேட்டுல செக்யூரிட்டிக்காரன் என்னை உள்ள உடல. அவன்கூட ஒரு சண்டை, அதை உடுங்க. ரோட்டுக்கு எதுத்தாப்புல டீக்கடையில உக்காந்திருந்தேன். அந்தக் கட்டடம் முழுக்கக் கண்ணாடி, ஆனா வெளிய இருந்து பாத்தா நம்ம மூஞ்சிதான் தெரியுது.

வெயில் ஏறினதுக்கப்பறம் வந்தா. நடையிலயே தெரிஞ்சு போச்சு. விக்காத மாட்டை ஓட்டிட்டுத் திரும்பறவன் நடை இருக்குது பாருங்க, அந்த நடை. டீ வாங்கிக் குடுத்தேன். அவளாத்தான் சொன்னா.

மொதல்ல எல்லாம் சரியாத்தான் போச்சாம். கடைசியா அந்தக் கண்ணாடிக்காரன் வெள்ளைத் தாள்ல ஒரு முக்கோணம் போட்டானாம். இவ ஆயிரம் தடவை போட்ட அதே முக்கோணம். கம்பி வெளிய வந்து, சுத்தி, உள்ள போகுது. என்ன ஆகும்னு கேட்டானாம். இவ, ஆடாம நிக்கும் சார்னு, எவ்வளவுல நிக்கும்னும் கணக்கோட சொன்னாளாம். ஆனா அந்தப் பய, கவனிங்க, பிளஸ்ஸையும் மைனஸையும் எடம் மாத்திப் போட்டு வெச்சிருந்தானாம். கம்பி போனது பிளஸ்ஸுக்கு. புள்ளை அதைப் பாக்கல. இது மோசமா இல்லையா? நீங்களே சொல்லுங்க. கொம்புக்கு எண்ணெய் தடவறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

சரி, அதோட உட்டானா? பேனாவை எடுத்து அந்தப் பிளஸ் மேல மெதுவாத் தட்டினானாம். "நிச்சயமா?"ன்னு கேட்டானாம். இவ "நிச்சயம் சார்"னாளாம். மறுபடி அதே எடத்துல தட்டினானாம். "அவசரம் இல்லைம்மா, மனசுல என்ன ஓடுதுன்னு சொல்லு"ன்னானாம். பாத்தீங்களா, ஷபானாகிட்டப் படிச்சவன் மாதிரி! இவ செலையா உக்காந்து "நிச்சயம் சார்"னாளாம். அப்பறமும் தட்டிட்டு, சித்த நேரம் இவ மூஞ்சியையே பாத்தானாம். அப்பறம் பேனா மூடியைப் போட்டுட்டானாம். வெளிய வந்து உக்காரச் சொல்லி, வேற ஒரு பொண்ணு வந்து, இந்தத் தடவை எடுக்க முடியலைன்னு சொல்லிட்டுப் போச்சாம்.

நான் துண்டை எடுத்து அவ கைமேல போட்டேன். டீக்கடையில நாலு பேரு இருந்தாங்க, வாய்விட்டுக் கேக்க முடியல. நீ சொன்னது எந்த அளவுக்கு நிச்சயம் சாமின்னு மெதுவாக் கேட்டேன். மூடின கையை மூடினபடியே வெச்சிருந்தா. ஒரு விரலையும் புடிக்கல. சந்தையில அப்படி வெச்சா, பேரம் படியலைன்னு அர்த்தம். தப்புன்னு எப்பத் தெரிஞ்சுதுன்னு கேட்டேன்.

"அவர் ரெண்டாவது தட்டு தட்டறப்பவே தெரிஞ்சு போச்சுப்பா."

எந்த அளவுக்கு?

என்ற அஞ்சு விரலையும் சேத்துப் புடிச்சா தம்பி. நல்ல இறுக்கமா.

அவளுக்குத் தெரிஞ்சிருக்குது. சரியான பதிலு அவ நாக்கு நுனியில உக்காந்திருக்குது. இருந்தும் மாத்திப் பேசல. மூஞ்சியில காட்டல. அப்படி இருக்கறதுக்கு என்ன நெஞ்சுரம் வேணும்னு நினைச்சுப் பாருங்க. என்ற புள்ளை. அதை அவகிட்டச் சொன்னேன், நீ தோத்துப் போயி வரலை சாமி, அவன்தான் ஏமாத்திட்டான்னு. கையை உருவிக்கிட்டா. தோள்ல இருந்த பையிலிருந்து ஒரு தடிப் புஸ்தகத்தை எடுத்து, டீக்கடை பெஞ்சுல வெச்சுட்டு, திரும்பிப் பாக்காம பஸ் நிக்கற எடத்துக்கு நடந்துட்டா. ரெண்டு வருசமாத் தலகாணிக்குப் பக்கத்துல வெச்சுத் தூங்கின புஸ்தகம். அவ கவனிக்கல, நான் எடுத்துட்டு வந்துட்டேன். இதா, இந்தப் பைக்குள்ள இருக்குது. என்ன கனம் பாருங்க. வீட்டுக்குப் போனதும் தலகாணிகிட்டயே வெச்சுப்போடுவேன். அவ மறுபடி எடுத்துப் படிப்பாளான்னு கேக்காதீங்க. ஈரோட்டுல ஒரு ஜவுளிக் கடைக்கு பில்லுப் போட வரச் சொல்லியிருக்காங்களாம், திங்கக்கெழமை போறேன்னு பஸ் ஏறறப்பவே சொல்லிட்டா. மழை வராதுன்னு சொல்ற அதே குரல்ல.

என்னங்க சொல்றீங்க? சித்தச் சத்தமாச் சொல்லுங்க, இந்த வண்டி இரைச்சல்ல கேக்கல.

அந்தக் கண்ணாடிக்காரன் கை காட்டினானா? என்னத்தை?

இருங்க, இருங்க. நீங்களும் இந்த மாதிரி ஆளு எடுத்திருக்கறீங்க, சரி. பிளஸ்ஸை மாத்திப் போடறது அந்தக் கணக்கே அப்படித்தான், சரி, அதைக் கூட ஒத்துக்கறேன். ஆனா தட்டினது, தப்பு இங்க இருக்குது பாருன்னு கை காட்டறதுக்குன்னு சொல்றீங்க. திருத்திக்கட்டும்னு எடம் குடுத்தான்னு சொல்றீங்க. திருத்தியிருந்தா எடுத்துக்கூட இருப்பான்னு சொல்றீங்க.

இல்லீங்க தம்பி. உங்களுக்கு வயசு பத்தாது. நான் எத்தனை சந்தை பாத்திருக்கேன். வாங்க வந்தவன் விக்கிறவனுக்குக் கை காட்டுவானா? எதுக்குக் காட்டோணும்? அவனுக்கு அதுல என்ன? ஒரு மாட்டைப் பாத்து, ஐயா, உன்ற மாட்டுக்கு இந்த எடத்துல நோவு இருக்குது, சரி பண்ணிக் குடு, நான் நல்ல வெலைக்கு எடுத்துக்கறேன்னு எவனாச்சும் சொல்லிக் கேட்டிருக்கறீங்களா? என்ற ஆயுசுக்கும் ஒருத்தன் எனக்கு அப்படித் தட்டினதில்லை. ஒரே ஒருத்தன் தலையைத் தடவினான், அவன் என்ன பண்ணினான்னு சொன்னேன்ல.

கோயமுத்தூர்க்காரன் கேட்டானே, அதும் கை காட்டினதுதானா? அவன் சும்மா கேட்டான், இவன் காட்டினானா? அட்டைக்காரங்க எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேக்கறீங்க. இதுல எது எதுன்னு ஒரு புள்ளைக்கு எப்படித் தெரியும்? பேனாவைப் பாக்கோணுமா? எங்க தட்டறான்னு பாக்கோணுமா? அதை அங்கயே வாயைத் தொறந்து நேரா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?

அவளுக்கு இது தெரியுமான்னு கேக்கறீங்களா.

தெரியும்னுதான் நினைக்கிறேன். அவருன்னு சொன்னாளே. அந்தக் கண்ணாடிக்காரனை அவ ஒரு தடவை கூட அவன்னு சொல்லல.

கிருஷ்ணகிரி வந்துருச்சுங்களா? நீங்க எறங்கோணுமா? இருங்க, வண்டி நிக்கட்டும். அந்தக் கம்பெனியில உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருப்பாங்க, இல்லாம இருக்க மாட்டாங்க. அந்தக் கண்ணாடிக்காரன்கிட்டச் சொல்லச் சொல்லுங்க. நீங்க சொல்றபடி அவன் கை காட்டத்தான் தட்டினான்னா, ஏன் மூடியைப் போட்டான்? கை காட்டறவன் பாதியில கையை எடுக்கலாமா? எதுத்தாப்புல இருக்கறது ஒரு புள்ளை, அது வாயைத் தொறக்காததுக்கு வேற எவனாச்சும் காரணமா இருப்பான்னு ஒரு நிமிசம் யோசிச்சிருக்க வேண்டாமா அவ்வளவு படிச்சவன்? அவன் பண்ணினதை அவன்தான் சரி பண்ணோணும். வேற யாரால ஆகும்? என்னால ஆகுமா? கூப்பிடச் சொல்லுங்க. திங்கக்கெழமைக்குள்ள கூப்பிடச் சொல்லுங்க. மூடியைக் கழட்டிட்டு, அதே முக்கோணத்தைப் போட்டு, பிளஸ்ஸை எங்க வேணும்னாலும் வெச்சுக்கட்டும். இந்தத் தடவை நான் கூட வரலை. டீக்கடை வரைக்கும் கூட வரலை. அதே எடத்துல ஒரே ஒரு தட்டு, தட்டச் சொல்லுங்க தம்பி.